பவளத்திட்டில் நான் விட்ட கயிறு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். புவியியல் படித்துவிட்டு அபுதாபியில் கடல் வரைபடம் போட்டே கிழவனானவன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன், கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில், வளையமாகக் கிடக்கும் ஒரு பவளத்திட்டுக்குப் போனோம். அந்தக் காலத்தில் அரபிகள் முத்துக் குளித்த இடம். சுற்றுலாப் படகுகள் வந்து நிற்க ஆழம் பார்த்துச் சொல்ல வேண்டும். நானும், படகோட்டி காசிம் பாயும் மட்டும்தான். அவர் கீழக்கரைக்காரர்.

வேலை முடிந்து கிளம்பும்போது, நல்ல வெயிலில், நங்கூரம் பவளப்பாறையில் சிக்கிக்கொண்டது. காசிம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"எங்க ஊர்ல முத்துக் குளிக்கப் போனா, மச்சான்தான் சார் மேல கயித்தப் பிடிப்பாரு. கீழ இருக்கிறது தங்கச்சி புருஷனாச்சே, விடமாட்டாரு."

"எனக்குத் தங்கச்சியே கிடையாதே பாய்."

"அப்ப நான் காலி!" என்று சிரித்தார். "ரெண்டு இழுப்பு வந்தா உடனே தூக்கிடுங்க. யோசிக்காதீங்க."

குதித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு இழுப்பு வந்தது. இழுத்தேன். ஓர் ஆள் கனம், அசைந்து அசைந்து வருகிறது, நடுநடுவே மறுபடியும் இரண்டிரண்டாக இழுப்பு, மூச்சு முட்டுகிறவனின் அவசரத்தோடு. "பாய்! பாய்!" என்று கத்திக்கொண்டே இழுக்கிறேன், உள்ளங்கையில் தோல் உரிகிறது. அப்போது எனக்குப் பின்னால், படகின் மறுபக்கத்தில், காசிம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நங்கூரம் விட்டுருச்சு சார். இடுப்புக் கயிறு பாறையில மாட்டுச்சு, அவுத்துட்டேன். நீங்க என்னத்த இழுக்குறீங்க?"

கயிறு என் கையில் துடித்துக்கொண்டிருந்தது. பெரிய மீனா, நீரோட்டமா என்றெல்லாம் அறிவு தேடியது. மீன் இரண்டிரண்டாக இழுக்குமா? என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. படகு விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடியே கத்தினார்.

"விட்றாதீங்க சார்! யாரா இருந்தாலும் விட்றாதீங்க!"

விட்டுவிட்டேன். பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. அன்று கரை சேர்ந்தபிறகு காசிம் என்னைப் படகில் ஏற்றவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. விட்ட கயிறு உடனே மூழ்கவில்லை. மிதக்கவும் இல்லை. அதன் நுனி என் கைக்கெட்டும் தூரத்தில், நீருக்கு மேலே செங்குத்தாக நின்றது, கீழிருந்து யாரோ எனக்கு நீட்டிக்கொண்டிருப்பதுபோல. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மெதுவாக அது உள்ளே போனது.