அம்மாவுக்கு நான் கொடுத்த அரிப்பு மாத்திரை

அன்னூரில் மருந்துக்கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. அரிப்புக்கு மாத்திரை கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "வண்டி ஓட்டுவீங்களா?" என்றுதான். ஓட்டுவேன் என்றால் தூக்கம் வராத புது மாத்திரை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பழையது. பழையது மூளைக்குள் போய்விடும், புதியது அவ்வளவாகப் போகாது. டி.பார்ம் பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான்.

என் அம்மா முப்பது வருடம் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர். பார்த்தீனியச் செடியை வெறுங்கையால் பிடுங்கிப் பிடுங்கிக் கழுத்தும் கையும் தடித்துக் கறுத்துவிட்டன. வேலையை விட்டு என்னோடு வந்து தங்கிய பிறகும் அரிப்பு விடவில்லை. தூக்கமில்லாமல் ரத்தம் வரச் சொறிவார். பார்க்கப் பொறுக்காமல் பழைய மாத்திரையைக் கொடுத்தேன். கடையில் அட்டையிலிருந்து நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டு எடுத்துப் போவேன். அம்மா நன்றாகத் தூங்கினார். ஒரு வாரத்துக்கென்று ஆரம்பித்தது, கேட்பாரில்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது.

வாய் காய்கிறது என்று தண்ணீர்ச் சொம்பும் கையுமாக இருந்தார். சிறுநீர் கழிக்கப் போனால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வயசாகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தெருவில் போய் நின்றார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்த என்னைப் பார்த்து, "ஏனுங்க, எம்புள்ள கடையிலிருந்து வந்துட்டாளுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அதை அவரிடம் காட்டவும் செய்தேன். இன்றும் அதை நினைத்தால் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

கோவையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "வேற ஏதாச்சும் மாத்திரை போடறாங்களா?" என்று கேட்டார். பிரஷருக்கு, சர்க்கரைக்கு என்று ஒப்பித்துவிட்டு, "அவ்வளவுதானுங்க" என்றேன். நான் மறைக்கவில்லை. அது என் நினைவுக்கே வரவில்லை. சீட்டில் எழுதினால்தான் மருந்து என்று நினைத்துக் கடைக்கு வருகிறவர்களை நான் கேலி செய்வதுண்டு. என் வீட்டில் அந்தக் காகித உறை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, சீரகம் வெந்தயத்தோடு ஒன்றாக. மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஈரோட்டிலிருந்து தம்பி வந்தான். "நீயும் கடைக்குப் போயர்றே. இனி ஊட்ல வெச்சுப் பாக்க முடியாதுக்கா" என்றான். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்து, தை பிறந்ததும் கூட்டி வருகிறோம் என்று சொல்லி வைத்தோம். இதையெல்லாம் பேசும்போது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நாங்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

அடுத்த வாரம் ஒருவர் கடைக்கு வந்து அரிப்பு மாத்திரை கேட்டார். பழைய மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டே வழக்கம்போல வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கில்லீங்க, எங்கப்பாருக்கு. எழுபத்தஞ்சு ஆச்சுங்க."

"அப்ப இந்தப் பழைய மாத்திரை வேண்டாமுங்க. வயசானவங்களுக்கு மூத்திரம் அடைச்சுக்கும், புத்தி தடுமாறும்" என்று சொல்லிக்கொண்டே அட்டையைத் திரும்ப வைக்கப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினைத் தடுப்பதோடு அந்த மருந்து நிற்பதில்லை. எச்சிலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஞாபகத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலினையும் தடுத்துவிடும். ஊருக்கெல்லாம் தெரிந்து சொன்ன எனக்கு, என் அம்மாவுக்கும் எழுபத்திரண்டு வயது என்பது தெரியாமல் போயிற்று.

அன்றே டாக்டரிடம் ஓடினேன். அவர் அதை நிறுத்தி, வேறு மாத்திரையும் களிம்பும் எழுதினார். முழுதாகத் தெளியுமா என்று உறுதி சொல்லவில்லை. பத்து நாளில் அம்மாவின் வாய் ஈரமானது. மூன்றாவது வாரம், நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "வா கண்ணு, சோறு உங்கறயா?" என்றார். வாசலிலேயே நின்று அழுதேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அம்மா கழுத்தில் களிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. அதப் போட்டா விடிஞ்சும் தல தெளியறதில்ல."

"அப்பறம் ஏம்மா சொல்லாம உட்டுட்டீங்க?"

"நீ படிச்ச புள்ள. தெரியாமயா குடுப்பேன்னு இருந்துட்டேன்."

பிறகு களிம்பை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தை பொறக்க இன்னும் எத்தன நாளு இருக்குது அம்மணி? துணிமணியெல்லாம் எடுத்து வெக்கோணுமல்ல."