மூன்றாவது சத்தம்

"எத்தனை கேட்டுச்சிடா?" என்று அண்ணன் கேட்டார். சிம்பாங் ரெங்கத்தில் அவர் வீட்டு வாசலில், பிக்கப் வண்டியிலிருந்து இறக்கிய கியர்பாக்ஸின் முன் சாக்கு விரித்து இருவரும் உட்கார்ந்திருந்தோம். "மூணுண்ணே" என்றேன். எனக்குக் கேட்டது இரண்டுதான்.

தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதெல்லாம் அந்த வண்டிக்கு கியர் வழுக்கும், எண்ணெய் கருகி நாறும். உள்ளே கனமான கிளட்ச் தட்டுகளும், வலுவான டார்க் கன்வெர்ட்டரும் போட்டால் சரியாகும் என்று அண்ணன் முடிவெடுத்தார். காடியைப் பட்டறையில் விடலாமே என்றார் அண்ணி. "பட்டறைக்காரனே சந்தேகம்னா எனக்குத்தானே போன் பண்றான்" என்று அண்ணன் சிரித்தார். உண்மைதான். ஆனால் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விரல்கள் பாதி மரத்துப் போயிருந்தன. இந்த வேலையை முடித்துவிட்டால் அந்தக் கை இன்னும் தன்னுடையதுதான் என்று அவருக்கு உறுதியாகிவிடும். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் அந்த கன்வெர்ட்டர் ஒரு பூசணிக்காய் அளவு இருக்கும். அதை கியர்பாக்ஸின் மூக்கில் மாட்டி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். மூன்று இடத்தில் பல் பிடித்து, மூன்று முறை 'டொக்' என்று இறங்கும். மூன்றாவது இறங்காமல் போல்ட்டை முறுக்கினால் உள்ளேயிருக்கும் எண்ணெய் பம்ப் உடைந்துவிடும். முன்பெல்லாம் அவர் விரலுக்கே அது தெரிந்துவிடும். அன்று என் காதைத்தான் நம்பினார். அப்படியும், "ரூலர் எடு, எவ்ளோ உள்ள போயிருக்குன்னு அளந்திடுவோம்" என்றார். நான்தான், "வேணாண்ணே, லேட்டானா பாலத்துல ஜாம் லா" என்றேன். மறுநாள் சிங்கப்பூரில் எனக்கு வேலை; அன்றிரவே எல்லைப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். இரண்டு மணிநேரம் பாலத்தில் நின்றிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

ஜாக்கி வைத்து ஏற்றியபோது, கியர்பாக்ஸ் என்ஜினோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். "மூணுதானே?" "மூணுதான்." அவர் போல்ட்டை முறுக்கினார். சாவியைத் திருப்பியதும் உள்ளே கரகரவென்று அரைத்தது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அடுத்த ஞாயிறு கழற்றிப் பார்த்தோம். பம்ப் இரண்டு துண்டு. அண்ணன் துண்டுகளைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தார். "தூக்குறப்ப நான்தான் கன்வெர்ட்டரை வெளிய இழுத்துட்டேன் போல. கைக்குத் தெரியலடா" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியை விற்றார். பட்டறையிலிருந்து போன் வந்தால், தூங்குவதாகச் சொல்லச் சொல்லி அண்ணியிடம் நீட்டிவிடுவார். நானும் வாராவாரம் போய், அவர் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். போன வருடம் இரண்டாவது முறையாக வாதம் வந்தது. போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அன்று எனக்குக் கேட்டது இரண்டுதான் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை.

"அவருகிட்ட சொல்லியிருந்தா உங்களைத் திட்டியிருப்பாரு தம்பி" என்றார். "திட்டிட்டு, மறுபடியும் காடிக்கு அடியில போய்ப் படுத்திருப்பாரு."