அட்டை டிவியில் ஒரு திருத்தம்

காணும் பொங்கல் அன்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு டிவியோடு சண்டை போட்டார்.

அந்த டிவிக்குக் கரண்ட் கிடையாது. ஆன்டெனா கிடையாது. ஏன், கண்ணாடிகூடக் கிடையாது. ஆனாலும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "செய்தியில தப்பு இருக்கு!" என்று சத்தம் போட்டார். ஊரே பார்த்தது.

டிவி என்ன செய்தது தெரியுமா? பதில் சொன்னது!

என்ன பிள்ளைகளே, கதை சொல்லும் இந்தச் சைக்கிள் கடைக்காரருக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைக்கிறீர்களா? தை மாதத்தில் ஏது அவ்வளவு வெயில்... முழுசாகக் கேளுங்கள்.

எங்கள் ஊர் தா.பழூருக்குப் பக்கம். போன வருஷம் பஞ்சாயத்து ஆபீசுக்கு டிவி வந்தது. டிவியை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைவர் இடுப்பில் சொருகிக்கொண்டார். அது வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி வெளியே போட்டார்கள். அதை என் மகள் மலர்விழியும் அவள் கூட்டாளி ஜோசப்பினும் வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு. பெட்டியின் முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டினார்கள். ஓரத்தில் சோடா மூடிகளை ஒட்டினார்கள் – அதுதான் திருகுகிற பட்டன். பின்னாலிருந்து தலையை விட்டால், டிவி ரெடி!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க ஊர் கூடும். தலைவர் சாவியோடு வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளியில் ஓடுவதுதான் அட்டை டிவி. மலர் நிஜ டிவியில் செய்தி வாசிப்பவரைப் போலக் காதோரம் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைச் சொருகிக்கொள்வாள். இட்லியை முழுசாக விழுங்கியவள் மாதிரி முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வாள்.

"வணக்கம். செய்திகள். மாரியம்மன் கோயில் தெருவில் புதிய பைப்பை நம் தலைவர் திறந்து வைத்தார். பைப் நன்றாகத் திறந்தது. தண்ணீர் பிறகு வரும் என்று தலைவர் தெரிவித்தார்."

"தலைவர் வீட்டு வாசலில் மூன்றாவது தெரு விளக்கு போடப்பட்டது. புதுத்தெருவில் ஒரு விளக்குகூட இல்லையே என்று கேட்டதற்கு, அங்கேதான் நிலா இருக்கிறதே என்று தலைவர் பதிலளித்தார்."

பிறகு ஜோசப்பின் தலையை நீட்டுவாள். "வானிலை. நாளை மழை பெய்யலாம். பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயும் பெய்யும்."

ஜனங்கள் சிரித்துப் புரள்வார்கள். நானும்தான். புதுத்தெரு எங்கள் தெரு. கம்பம் நட்டார்கள், விளக்கை மாட்ட மறந்துவிட்டார்கள். ஜோசப்பின் இன்னும் சிம்னி விளக்கில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். காலையில் பார்த்தால் மூக்கெல்லாம் கரி.

நிஜ டிவியிலும் செய்தி வருகிறது. யாரோ ஒருவர் அடிக்கல் நாட்டுகிறார். மறுநாள் வேறு ஒருவர் நாட்டுகிறார். நாட்டிய கல்லுக்கு மேல் சுவர் எழும்பிற்றா என்று என்றைக்காவது காட்டியிருக்கிறார்களா? எங்கள் அட்டை டிவி காட்டியது. அதுதான் வம்பாகிவிட்டது.

எங்கள் ஊரில் இரண்டு கட்சி. நிஜப் பெயரை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் கத்தரி எடுப்பார். ஆகவே ஒன்று குடைக் கட்சி, இன்னொன்று உரல் கட்சி என்று வைத்துக்கொள்வோம். தலைவர் குடை. அவரை எதிர்த்து நின்று தோற்ற சின்னதுரை உரல். பஸ் ஸ்டாப்பில் கட்சிக்கு ஒரு டீக்கடை. குடைக்காரர் உரல் கடையில் ஒரு டீ குடித்துவிட்டால் போதும்... ஆள் கட்சி மாறிவிட்டார் என்று பொழுது சாய்வதற்குள் தா.பழூர் வரைக்கும் சேதி போய்விடும்!

நான் எந்தப் பக்கம் என்றா கேட்கிறீர்கள்? நான் வியாபாரி. இரண்டு கட்சிக்காரர்களின் சைக்கிளும்தான் பஞ்சர் ஆகிறது. காலையில் குடைக் கடையில் டீ. சாயங்காலம் உரல் கடையில் வடை. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

பொங்கல் விளையாட்டு விழா முடிந்ததும் மேடையில் பிள்ளைகளின் நிகழ்ச்சி நடக்கும். இந்த வருஷம் அட்டை டிவிக்கும் இடம் கிடைத்திருந்தது. ஊர் மொத்தமும் பார்க்கும், மைக் வேறு! இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. மலர் குளிக்கும்போதுகூட "வணக்கம், செய்திகள்" என்றுதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின வாரம் தலைவர் என் கடைக்கு வந்தார்.

"என்ன சைக்கிள்காரரே, உம்ம பொண்ணு டிவியில எங்க கட்சி மட்டுந்தான் தெரியுமா? உரல்காரனுங்கல்லாம் ஆன்டெனாவுல சிக்க மாட்டேங்குறானுங்களா?"

"சின்னப் புள்ளைங்க தலைவரே... சும்மா வெளாட்டுக்கு..."

"வெளாட்டா? எங்கூட்டுக்காரியே, சோத்தப் போடு புள்ளன்னா, 'சோறு பிறகு வரும்'ங்குறா! கிண்டல் பண்ணட்டும்யா, வேணாங்கல. ரெண்டு பக்கமும் பண்ணணும்ல? நியாயம்னு ஒன்னு இல்ல? குடைக்கு ஒன்னுன்னா உரலுக்கு ஒன்னு. இல்லாட்டி மேடையும் கெடையாது, டிவியும் கெடையாது. அந்தப் பொட்டியக் கொண்டாந்து ஆபீசுல வெச்சுருங்க. அது பஞ்சாயத்துச் சொத்து!"

காலி அட்டைப் பெட்டி பஞ்சாயத்துச் சொத்தா! ஆனாலும் அவர் சொன்ன கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தராசு மாதிரி. இதில் என்ன தப்பு?

வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன்.

"சின்னதுரைய வெச்சு ஒரு செய்தி சொல்லுங்க பாப்போம்."

மலர் யோசித்தாள். "அவர்கிட்டதான் பதவியே இல்லியேப்பா. பைப்ப அவரா தொறந்தாரு?"

"வேற ஏதாச்சும் சொல்லு. அவருக்கு நல்லா வழுக்க இருக்குல்ல? 'சின்னதுரை தலையில் வெளிச்சம் இருப்பதால் கரண்ட் மிச்சம்'னு வெச்சுக்க."

நான் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, தண்ணி வராததும் தலையில முடி இல்லாததும் ஒன்னா?"

"ஒன்னுக்கு ஒன்னு சரியா இருக்கணும்டி. அதான் நியாயம்."

"அப்ப நீ கடையில என்னா பண்ற? சக்கரத்துல கோட்டம் எடுக்கையில ரெண்டு பக்கத்துப் போக்ஸ் கம்பியயும் ஒன்னுபோலயா முறுக்குற?"

பிள்ளைகளே, சைக்கிள் சக்கரம் ஒரு பக்கம் கோணினால், எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று சுற்றிப் பார்த்து, அதற்குத் தகுந்த கம்பியை முறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக முறுக்கினால் கோணல் கோணலாகவேதான் இருக்கும், கூடவே இறுக்கமாகவும் ஆகிவிடும். இது என் தொழில். என் மகள் அதை எடுத்து என் மேலேயே மாட்டினாள்.

அப்பாமார்களுக்கு வாய் அடைத்தால் என்ன செய்வார்கள்? கத்துவார்கள்.

"மேடை வேணுமா வேணாமா?"

ஜோசப்பின் மெதுவாகச் சொன்னாள். "என்னா வேணா சேத்துக்குங்க பெரியப்பா. எங்க தெரு வெளக்க மட்டும் எடுத்துறாதீங்க."

"சரி சரி, அது இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டேன்.

காணும் பொங்கல் வந்தது. சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பு எல்லாம் முடிந்து மேடையில் அட்டைப் பெட்டி ஏறியது. முன் வரிசை நாற்காலிகளில் தலைவரும் சின்னதுரையும். பின்னால் நானும் என் மனைவியும்.

பைப் செய்தி முதலில் வந்தது. தலைவர் சின்னதுரையைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார் – அடுத்தது உனக்குத்தான் என்கிற மாதிரி.

"பைப்பில் தண்ணீர் வராததைக் கண்டித்து உரல் கட்சிச் சின்னதுரை மாபெரும் ஆர்ப்பாட்டம் நடத்தினார். முடிந்ததும் தலைவரின் ஜீப்பிலேயே ஏறி, இருவரும் அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பைப் தனியாக நின்றது."

வழுக்கையைக் காணோம்! கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அந்த ஜீப்பில் இரண்டு பேரும் ஏறியதை ஊரே பார்த்திருந்ததே! நான் சிரித்துக்கூட முடிக்கவில்லை...

"நடுநிலைச் செய்தி. புதுத்தெரு சைக்கிள் கடைக்காரர் காலையில் குடைக் கடையில் டீ குடித்தார். சாயங்காலம் உரல் கடையில் வடை தின்றார். தெரு விளக்கைப் பற்றி இரண்டு கடையிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. வாயில் வடை இருந்தது."

என் பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்த சிரிப்பு மைக் இல்லாமலே மேடைக்குக் கேட்டது.

அடுத்தது விளக்கு. தலைவர் வாசலில் மூன்று, புதுத்தெருவுக்கு நிலா. அப்போதுதான் தலைவர் எழுந்தார்.

"நிறுத்து! செய்தியில தப்பு இருக்கு!"

பெட்டி போயிற்று என்று நினைத்தேன். பெட்டிக்குள் மலர் முகத்தில் ரோஜா மட்டும்தான் சிவப்பு.

"என் வூட்டு வாசல்ல எங்க மூணு எரியுது? ரெண்டுதான் எரியுது! ஒன்னு போட்ட நாள்லேருந்து அவிஞ்சே கெடக்கு!"

மலர் ஒரு மூச்சு இழுத்தாள். முகத்தை மறுபடி விறைப்பாக்கிக்கொண்டாள்.

"ஒரு திருத்தம். தலைவர் வீட்டு வாசலில் இரண்டு விளக்குகளே எரிகின்றன. மூன்றாவது விளக்கு சும்மா இருக்கிறது. தவறுக்கு வருந்துகிறோம்."

பெட்டிக்குள் இன்னொரு தலை முட்டிக்கொண்டு வந்தது. "வானிலை. சும்மா இருக்கிற விளக்கைக் கழற்றி ரிப்பேர் பண்ணிப் புதுத்தெருவில் மாட்டினால், நாளை அங்கே வெளிச்சம் இருக்கலாம்."

அப்புறம் பாருங்கள் கைத்தட்டலை! தலைவர் நின்றார். உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். அவர் சொன்னது உண்மை, அதைத்தான் டிவியும் சொல்லிவிட்டது. இனிமேல் எதைக் கண்டிப்பது?

கீழே இறங்கிய மலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். "இந்தாங்க தலைவரே. ஆபீஸ் பொட்டி."

"வேணாந்தாயி, நீயே வெச்சுக்க. ஆபீசுல வெச்சா அங்க நடக்குறதையும் வாசிச்சுருவீங்க."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டபோது சின்னதுரை வந்து என் தோளைப் பிடித்தார். முகம் சுருங்கியிருந்தது.

"என்னங்க சைக்கிள்காரரே, இப்புடிப் பண்ணிப்புட்டீங்க? அவருக்கு ரெண்டு செய்தி, ஒரு திருத்தம். எனக்கு ஒன்னே ஒன்னுதானா?"

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். கிண்டலில் பங்கு கேட்பவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். சொல்கிறவர் எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. எது கோணலோ அதைச் சொன்னால் போதும். சொன்னதில் தப்பு இருந்தால், அதே வாயால், அதே மைக்கில் திருத்த வேண்டும். அப்பா என்று பார்க்காமல்...

நேற்று ஆள் வந்து தலைவர் வாசலில் இருந்த மூன்றாவது விளக்கைக் கழற்றிக்கொண்டு போனார். எந்தத் தெருவுக்கு என்று இன்னும் தெரியவில்லை. ஜோசப்பின் எங்கள் தெருக் கம்பத்தடியிலேயே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். மலர் ரோஜாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறாள்.

நான் இப்போதெல்லாம் வீட்டில்தான் டீ குடிக்கிறேன்.