ஒரு மழை தாங்கும் கருப்பு

பதினேழு வருடத்தில் ஏறக்குறைய நாலாயிரம் பழைய இருசக்கர வண்டிகளுக்குக் கருப்பு ஏற்றியவர். சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. கை எந்நேரமும் கறுத்துக் கிடப்பதால் தெருவில் அவருக்கு மைக்காரர் என்று பெயர். கடைத்தெருவின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்த பிளாஸ்டிக் மட்கார்டு, சைடு பேனல், கண்ணாடி மூடி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவுவார். பிறகு சூடான காற்று ஊதும் துப்பாக்கியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வருடுவதுபோல ஓட்டுவார். உள்ளே கிடக்கும் எண்ணெய் மேலே வந்து பிளாஸ்டிக் மறுபடி கறுக்கும். கை ஒரு நொடி நின்றால் கொப்புளம்.

பழைய வண்டி விற்பவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? "எண்ணெயத் தடவி அனுப்புய்யா. வண்டி கடைய விட்டு இறங்குற வரைக்கும் கருப்பா இருந்தாப் போதும்" என்பார்கள். அவரும் தடவி அனுப்புவார். ஒரு மழை தாங்கும். அது யார் தலையில் விடிகிறது என்று அவர் கேட்டதில்லை.

விடிந்தது மருமகன் தலையில். புதிதாக வாங்கிய பழைய வண்டியை மாமனாரிடம் காட்டக் கொண்டுவந்தார்.

"ஆறு வருஷ வண்டி மாமா. பிளாஸ்டிக்கப் பாருங்க, கன்னங்கரேல்னு. உங்க கைக்கு இதுல வேலையே இல்ல."

வலப்பக்கக் கண்ணாடி மூடியில் சுண்டுவிரல் நுனி அளவு கொப்புளம். மைக்காரர் சூடு காட்டும்போது வண்டி விற்கும் கடைக்காரர் போனில் அவசரப்படுத்தியதில், கை ஒரு நொடி நின்று வந்தது. மிச்சத்தை எண்ணெயால் முடித்திருந்தார். வண்டிக்கு வயது பதின்மூன்று. அதைச் சொன்னால், கருப்பு யார் கையால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

"நல்ல வண்டி மாப்பிள்ளை" என்றார்.

அடுத்த ஞாயிறு மகள் வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும். சட்டைப் பையில் ஒரு துணி, சின்னப் புட்டியில் எண்ணெய். சாப்பிட்டதும் "சித்த காத்தாட நிக்கிறேன்" என்று மாடிப்படி இறங்கி, கீழே நிற்கும் வண்டியில் நரை தெரிகிற இடமெல்லாம் துடைத்துவிட்டு வருவார்.

மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டில் அவள் பேசியது அவர் காதிலும் விழுந்தது. "அம்மா இருந்தவரைக்கும் எங்கப்பா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லக்கா. இப்ப ஒரு ஞாயிறு தவற மாட்டேங்கறாரு. வயசானா பாசம் தானா வரும்போல." அவர் வரும் நாளில் காரம் குறைத்துச் சமைத்தாள். அவருக்கென்று ஒரு தலையணை வாங்கினாள். மத்தியானம் அதில் தலை வைத்துத் தூங்க அவரும் பழகிவிட்டார்.

ராத்திரியெல்லாம் அடித்த மழைக்கு மறுநாள் ஞாயிறு. வண்டி முழுக்கச் சாம்பல். மட்கார்டுக்கு முன்னால் குந்தித் துடைத்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் மகள் டீயோடு வந்து நின்றாள்.

"என்னப்பா பண்றீங்க?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பின்னாலேயே இறங்கி வந்த மருமகனும் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தப்போகிறார் என்று மைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மருமகனோ சிரித்தார்.

"ஊர ஏமாத்துற கை வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு, தெரியாமப் போச்சே மாமா. இன்னொரு தடவ பளபளன்னு ஆக்கிக் குடுங்க. நானும் எவன் தலையிலயாவது கட்டிடறேன்."

மகள் சிரிக்கவில்லை. "அப்ப, ரெண்டு மாசமா நீங்க வந்தது இதுக்குத்தானா?"

முதல் சில வாரம் இதற்குத்தான். பிறகு எதற்கு என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அதை எப்படிச் சொல்வது? எண்ணெய்க் கையால் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"டீ ஆறுதும்மா" என்றார்.

வியாழக்கிழமை மருமகன் வண்டியைப் பட்டறையில் விட்டுப்போனார். மைக்காரர் எண்ணெயே தடவினார். சனிக்கிழமை வண்டி விலைபோனது. அன்று மாலை மகள் போன் செய்தாள்.

"வண்டி போயிடுச்சுப்பா. இனிமே நீங்க அலைய வேணாம்."

மறுநாள் ஞாயிறு. அவர் பட்டறையைத் திறந்தார். மூன்று வண்டிகள் வேலைக்கு வந்திருந்தன.