நான் விழுங்கிய 'புக்கான்'

மலாய் மொழியில் 'புக்கான்' என்றால் 'அல்ல' என்று பொருள். பதின்மூன்று வயதில் அந்த ஒரு சொல்லை விழுங்கினேன். இன்றுவரை செரிக்கவில்லை.

ஈப்போவில் எங்கள் பள்ளி இசைக்குழுவில் எனக்கு ஓபோ என்ற ஊதுகுழல் என்று முடிவானது. பார்வைக்கு நாதஸ்வரத்தின் ஒல்லித் தங்கை. "பொம்பளப் புள்ள நாயனம் ஊதப் போறியா?" என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மர ஆலையில் பல மாதங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்துவிட்டு, ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

எப்படிப்பட்டதை வாங்க வேண்டும் என்று ஆசிரியர் மலாயில் இரண்டே வரி எழுதிக் கொடுத்திருந்தார். முதல் வரி: 'புக்கான் காயு', மரம் அல்ல, பிளாஸ்டிக். இரண்டாவது வரி: பயிற்சி அறையின் ஏர்கோன் குளிருக்கு மரம் வெடித்துவிடும். ஒரு வாரமாக அந்தத் தாள் அப்பாவின் சட்டைப் பையில்தான் கிடந்தது. அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் "நீ படிமா" என்று என்னிடம் நீட்டுவார். அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

கடைக்காரச் சீனர் இரண்டு ஓபோக்களை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் ஓபோ குளியலறை வாளியை ஞாபகப்படுத்தியது. மற்றது மரம், யாரோ வாசித்துப் பழக்கியது, கருகருவென்று வெள்ளி நிற விசைகளோடு. இசைக்குழுவில் மற்றப் பிள்ளைகளின் கருவிகளெல்லாம் பளபளவென்று இருக்கும். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்பா தாளை நீட்டினார். "நீ படிமா."

"காயு," என்று முதல் வரியில் பாதியை மட்டும் வாசித்துத் தாளை மடித்தேன். "மரந்தான்பா வாங்கணுமாம்."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் மரத்தைத் தட்டினார், மூக்கருகே வைத்து மோந்தார். ஏர்கோன் குளிரை இந்த மரம் தாங்குமா என்று கடைக்காரரிடம் மலாயில் கேட்டார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர்.

"ஒனக்குப் புடிச்சிருக்குல்ல? இதயே எடுத்துக்கலாம்லா," என்றார் அப்பா.

வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் சாமி மேடைக்குத்தான் போகும். ஓபோவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, அப்பா சூடம் காட்டினார். மூன்றாவது வாரம் பயிற்சி அறையில் அது மேலிருந்து நீளமாக வெடித்தது.

"நெருப்ப அவ்ளோ கிட்டக்க காட்டுனா வெடிக்காம என்ன செய்யும்?" என்று அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா, என் தப்புதான்லா," என்றார் அப்பா.

நான் வாயே திறக்கவில்லை. வெட்கக்கேடு, உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. இசைக்குழுவில் முக்கோணக் கம்பியைத் தட்டக் கொடுத்தார்கள். வருடம் முழுவதும் தட்டினேன். அதற்குப் பிறகு அப்பா எந்தப் புதுப் பொருளுக்கும் தன் கையால் சூடம் காட்டியதில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கியபோதும் அம்மாவைக் காட்டச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அவரை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் வருந்திக்கொண்டிருந்தேன். போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அன்று கடைக்காரரிடம் அவர் கேட்ட கேள்வி திடீரென்று காதில் விழுந்தது. கையிலிருந்த சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏர்கோன் என்று எழுதியிருந்த இரண்டாவது வரியை நான் அவருக்கு வாசித்துக் காட்டவே இல்லை.