பானுமதி தேடிய மெயில்

பானுமதி புதிதாக ஒரு மெயில் எழுதி யாரும் பார்த்ததில்லை. யாருக்காவது எழுத வேண்டுமென்றால் அவரிடமிருந்து கடைசியாக வந்த மெயிலைத் திறப்பாள், ரிப்ளையை அமுக்குவாள், கீழே கிடப்பதைக் கண்டுகொள்ளாமல் மேலே தன் விஷயத்தை அடித்து அனுப்பிவிடுவாள். முகவரி அடிக்கிற வேலை மிச்சம். தலைப்பு எதுவாக இருந்தால் என்ன? போல்ட் நட்டு விலை கேட்கிற கடிதம் 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்ற தலைப்பில் போகும். கேண்டீன் சாம்பாரில் உப்பில்லை என்ற புகார் 'ஆடிட்' என்று போகும். அவள் மட்டும் என்றில்லை, அவள் வேலை பார்த்த கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை.

கம்பெனி துவாக்குடிப் பக்கம் இருந்தது. பாய்லர் உதிரி பாகங்கள் செய்துகொடுக்கிற கம்பெனிகள் அங்கே வரிசையாக உண்டு, அதில் நடுத்தரமான ஒன்று. பானுமதி கல்யாணத்துக்கு முன்பே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது, தபால் போய் மெயில் வந்தது, டைப்பிஸ்ட் என்ற பெயர் போய் பர்ச்சேஸ் அசிஸ்டென்ட் என்ற பெயர் வந்தது. அவள் அதே ஜன்னலோரத்தில் இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகை வீடு. கணவர் வளவன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி, நின்றுகொண்டே டிக்கெட் கொடுக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். மகள் கனிஷ்கா நர்சிங் படிக்கிறாள். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க பானுமதி ஓடுகிற ஓட்டத்தில்தான் அந்த வீட்டின் அடுப்பு எரிந்தது. அது அவளுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர் பிலோமின்ராஜ், பாலக்கரைக்காரர். சட்டைப் பையில் ஜெபமாலை, காதில் பென்சில். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று, பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வருஷா வருஷம் அவர் பொறுப்பு. பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பானுமதிக்கு அவர் 'அண்ணே', அவருக்கு அவள் 'பானும்மா'.

போன வருஷம் ஆயுத பூஜை நெருக்கத்தில் ஒரு லோடு பைப் வந்து இறங்கியது. பைப் வந்தால், அது என்ன ரக இரும்பு, எந்தச் சோதனையில் தேறியது என்று ஆலை கொடுக்கிற சர்டிபிகேட்டும் கூடவே வரவேண்டும். அன்றைக்கு வரவில்லை. சர்டிபிகேட் இல்லாத பைப்பை ஸ்டோர்ஸை விட்டு வெளியே விடக்கூடாது என்பது சட்டம். ஆனால் உள்ளே வெல்டர்கள் வேலையில்லாமல் கை கட்டி நின்றார்கள். பிலோமின்ராஜ் இன்டர்காமில் பானுமதியைக் கூப்பிட்டார்.

"பானும்மா, குடு குடுன்னு எல்லாரும் உயிரை எடுக்கறாங்க. மேனேஜர் சார் எழுத்துல சொல்லட்டும், குடுத்துடறேன். ஒரு மெயில் போட்டுக் கேட்டுச் சொல்லும்மா."

அவள் கேட்டாள். மேனேஜர் சுரேஷ்குமாரிடமிருந்து உடனே பதில் வந்தது. கொடுக்கச் சொல்லுங்கள், சர்டிபிகேட் பின்னால் வரும், நான் பொறுப்பு. எதற்கும் பொறுப்பு என்ற வார்த்தையை வாயில் போடாத மனிதர், அன்றைக்கு என்னவோ போட்டுவிட்டார். பானுமதி அதைப் படித்துவிட்டுச் சிரித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "சார் ஓகே சொல்லிட்டார்ணே, குடுத்துடுங்க" என்று இன்டர்காமில் சொன்னாள். பிலோமின்ராஜ் கொடுத்தார். அத்தோடு அதை மறந்துவிட்டு எல்லோரும் பொரி தின்னப் போனார்கள்.

இந்த வருஷம் ஆடி மாதம், சரக்குக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தார். பைப் வேறு ரகம். செய்து முடித்த மொத்தச் சரக்கும் திரும்பி வந்து வாசலில் கிடந்தது. சர்டிபிகேட் இல்லாத பைப்பை யார் வெளியே விட்டது என்று முதலாளி நவநீதன் கேட்டார். எல்லா விரல்களும் ஸ்டோர்ஸை நோக்கி நீண்டன, மேனேஜருடையதும் சேர்த்து.

பிலோமின்ராஜ் அவள் மேஜைக்கு வந்தார். முகத்தில் பயம் என்று ஒன்றும் இல்லை.

"அந்த மெயிலை மட்டும் எடுத்து வச்சிரும்மா. வெள்ளிக்கிழமை விசாரிக்கப் போறாங்களாம்."

எடுத்து வைப்பதற்கு என்ன கஷ்டம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் சித்திரையில்தான் கம்பெனி பழைய மெயில் சாஃப்ட்வேரை மாற்றிப் புதியதாக ஒன்றைப் போட்டிருந்தது. அதன் நெற்றியில் நீளமாக ஒரு சர்ச் கட்டம். பைப் என்று அடித்தால் தண்ணீர்க் குழாய் விளம்பரம் வரும். சர்டிபிகேட் என்று அடித்தால் கனிஷ்காவின் ஸ்கூல் சர்டிபிகேட்டை எப்போதோ ஸ்கேன் பண்ணி அனுப்பியது வரும். மேனேஜர் பெயரை அடித்தால் இந்த வாரத்து மெயில்கள் வரும், அப்புறம் ஒரே தாவாகத் தாவி, கொரோனா காலத்தில் மாஸ்க் போடச் சொல்லி அவர் அனுப்பியவை வரும். நடுவில் இருந்த வருஷங்கள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. காலையில் ஒரு வார்த்தைக்குப் பக்கம் நிறையக் காட்டியது, டீ குடித்துவிட்டு வந்து அதே வார்த்தையை அடித்தால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது. சரக்கை உள்ளே வைத்துக்கொண்டே ஸ்டாக் இல்லை என்று கை விரிக்கிற கடைக்காரரிடமாவது சண்டை போடலாம். இதனிடம் என்னத்தைப் போட? இதைச் செய்தவர்கள் ஒரு நாளாவது இதில் எதையாவது தேடிப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

சிஸ்டம் பார்க்கிற இம்தியாஸ் வந்து பார்த்தான்.

"இண்டெக்ஸிங் ஓடிக்கிட்டிருக்கு மேடம். பழைய மெயில் எல்லாம் உள்ளதான் இருக்கு, எங்கயும் போகல. கொஞ்சம் கொஞ்சமா சர்ச்ல வரும்."

"எப்ப வரும் இம்தியாஸ்? வெள்ளிக்கிழமைக்குள்ள வருமா?"

"அது நம்ம கையில இல்லீங்களே."

கட்டத்தை நம்பாமல் பானுமதி போன வருஷத்து மெயில்களைத் தலைப்புத் தலைப்பாகக் கண்ணாலேயே தேடினாள். போனஸ் அறிவிப்பு, ஆயுத பூஜை, தீபாவளி அட்வான்ஸ், மழைக்கு லீவு, ஆடிட். பைப்பைப் பற்றி ஒரு தலைப்பும் இல்லை. மறுபடி மேலேயிருந்து பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது அவளுக்குள் முதல்முறையாக அந்தக் கேள்வி வந்தது. அப்படி ஒரு மெயில் நிஜமாகவே வந்ததா? வந்தது, படித்துவிட்டுச் சிரித்தாளே. ஆனால் இருந்தால் கிடைத்திருக்குமே. இப்படி மாறி மாறி நினைத்து அவளுக்குத் தலை வலித்தது. வீட்டுக்குப் போய் வளவனிடம் சொன்னாள்.

"ஞாபகம் இருக்கறதைச் சொல்லிடு" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மேனேஜர் எதிர்லயே உக்காந்திருப்பார். பாத்துப் பேசு" என்றார். அறிவுரையில் பாதியைத்தான் மனிதர்கள் எடுத்துக்கொள்வார்கள். பானுமதி பின்பாதியை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நவநீதன் அறையில் ஏசி சில்லென்று இருந்தது. பிலோமின்ராஜ் நின்றுகொண்டிருந்தார். சுரேஷ்குமார் உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்படி ரிப்ளை பண்ணதா ஞாபகமே இல்ல சார்" என்றார் சுரேஷ்குமார். "பண்ணியிருந்தா மெயில்ல இருக்கும். என் பெட்டியில இல்ல."

நவநீதன் பானுமதியைப் பார்த்தார். "உங்க மெயில்ல இருக்காம்மா?"

"தேடிப் பார்த்துட்டேன் சார். இல்ல."

அது பொய் இல்லை. பிலோமின்ராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு அடுத்து இன்னொரு வாக்கியம் அவளிடமிருந்து வரும் என்று காத்திருந்தார். ஆனா மெயில் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு சார், நான்தான் இன்டர்காம்ல சொன்னேன். அந்த வாக்கியம் அவள் நாக்கு வரைக்கும் வந்தது. சுரேஷ்குமார் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். வளவனின் இடுப்புப் பட்டையும் கனிஷ்காவின் வெள்ளை யூனிஃபார்மும் அவள் கண்ணில் வந்து நின்றன. மானிட்டரே இல்லை என்று சொல்லும்போது, நான் மட்டும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். பயந்தாள், அவ்வளவுதான். "சரி, நீங்க போங்கம்மா" என்றார் நவநீதன்.

தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் மரியாதையாகப் போகலாம் என்று பிலோமின்ராஜிடம் சொன்னார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். ஸ்டோர்ஸ் சாவியை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். ஜன்னலோரம் போகிற வழிதான், ஆனால் அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பானுமதி தினமும் தேடினாள். இப்போது கிடைத்து என்ன செய்வது என்று தெரியாமலே தேடினாள். கிடைக்காமல் இருந்தால் நல்லது என்றுகூடச் சில நாள் தோன்றியது. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லியதாக ஆகிவிடும் அல்லவா. இன்டர்காம் மணி அடித்தால் இரண்டு தடவை அடிக்கவிட்டுத்தான் எடுத்தாள்.

புரட்டாசி கடைசியில் சுரேஷ்குமார் கூப்பிட்டார். "ஆயுத பூஜை வருதும்மா. போன வருஷம் நான் எல்லாருக்கும் போட்ட மெயிலை எடுத்து, தேதியை மட்டும் மாத்தி அனுப்பிடுங்க."

ஆயுத பூஜை என்று அடித்தாள். கட்டம் அன்றைக்கு என்ன நினைத்ததோ, கேட்டவுடன் எடுத்து நீட்டியது. ஒரே தலைப்பில் உள்ள மெயில்களை எல்லாம் ஒன்றாக மடித்து ஒரே வரியாகக் காட்டுவது அந்த சாஃப்ட்வேரின் வழக்கம். மடிப்பைப் பிரித்தாள். முதலில் மேனேஜரின் பூஜை அழைப்பு, அனைவரும் குடும்பத்துடன் வரவும். அதற்குக் கீழே அவளுடைய ரிப்ளை. சார், இன்று வந்த பைப் லோடுக்கு சர்டிபிகேட் வரவில்லை, கொடுக்கலாமா என்று ஸ்டோர்ஸில் கேட்கிறார்கள். அதற்குக் கீழே, நான் பொறுப்பு.

அன்றைக்கு மேனேஜரிடமிருந்து கடைசியாக வந்திருந்த மெயில் பூஜை அழைப்பு. அவள் வழக்கம்போல அதையே திறந்து ரிப்ளை அமுக்கியிருக்கிறாள். கண்ணால் தேடியபோது அந்தத் தலைப்பை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறாள். பூஜைக்குள் பைப்பை யார் தேடுவார்கள்? வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆபீஸில் அழ முடியாது.

இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் பயம் வந்துவிடும் என்று தெரியும். அதே மெயிலில் ரிப்ளையை அமுக்கி, நவநீதன் பெயரையும் சேர்த்து அனுப்பினாள். முதலாளி இருவரையும் கூப்பிட்டார். சுரேஷ்குமார் படித்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமா. சிஸ்டம் பண்ற வேலைய பாருங்க சார்" என்று சிரித்தார். நவநீதன் சிரிக்கவில்லை. "அவரைத் திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லுங்கம்மா. நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

பிலோமின்ராஜ் உறையூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனாள். பையில் மெயிலின் பிரிண்ட். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் குழாய் வளைவுக்குப் போடுகிற பிளாஸ்டிக் எல்போக்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். காதில் அதே பென்சில்.

"வாங்க" என்றார்.

அவள் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். மெயில் கிடைத்தது, பூஜைத் தலைப்பில் இருந்தது, முதலாளி படித்துவிட்டார், திங்கட்கிழமை வரச் சொன்னார். அவர் பிரிண்டை வாங்கி நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார்.

"அன்னிக்கு முதலாளி கேட்டாருல்ல மேடம்" என்றார். அவளை அவர் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அப்ப இது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் மனசுக்குள் போய்த் தேடிப் பார்க்க அவரால் முடியாது.

"இருந்துச்சுண்ணே."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாங்க. வேலை எப்படியும் போயிருக்கும், அது வேற விஷயம். வீட்ல கேட்டாங்க, ஏங்க, நெசமாவே அந்தம்மா போன்ல சொன்னாங்களான்னு. மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்பறம் நானே யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். போன் வந்துச்சா, இல்ல பைப்பக் குடுத்துட்டு நானாதான் அப்படி நெனச்சுக்கிட்டனான்னு. இத்தனை நாளா எனக்கே தெரியாது மேடம்."

யாரோ வந்து குழாயில் சுற்றுகிற முக்கால் இஞ்ச் டேப் கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்தார், சில்லறை எண்ணிக் கொடுத்தார். பிரிண்டை நான்காக மடித்து ஜெபமாலை இருந்த பையில் வைத்தார்.

"இதை நான் வச்சுக்கறேன்" என்றார். "வீட்ல காட்டணும்."

திங்கட்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.