இடப்பக்கம் சாயும் கார்

‘கறார்’ என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல, அவருடைய வீடியோக்களைப் பார்த்தவர்கள் வைத்தது. புதிதாக ஒரு கேம் வந்தாலும் சரி, கன்ட்ரோலரோ ஹெட்செட்டோ வந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்த பிறகுதான் வாங்குவது என்று வைத்திருந்த கூட்டம் ஒன்று இருந்தது. பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன தியேட்டரை நிரப்பலாம். ஆனால் பாதியில் எழுந்து போகாத கூட்டம். நல்லதை நல்லது என்பார், சொத்தையைச் சொத்தை என்பார். பகலெல்லாம் பல்செட் செய்யும் லேபில் உட்கார்ந்து மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குகிறவர் என்பதால் அந்தச் சொல் அவர் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. இஸ்திரி மேசையை மனைவி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே தள்ளுவாள். அவளுடைய தம்பி, போன் கடையில் வேலை செய்கிற மச்சினன், தன் போனை ஒரு குச்சியில் மாட்டி நிறுத்துவான். டிவிக்கு முன்னால் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பார். ஆடி முடித்துத் தன் கருத்தையெல்லாம் சொன்ன பிறகு மச்சினன் கேமராவுக்குப் பின்னாலிருந்து, “அப்ப வாங்கலாமா மாமா?” என்று கேட்பான். அதற்கு அவர் சொல்லும் பதில்தான் தீர்ப்பு.

அந்த வருடம் வந்த புதுக் கன்ட்ரோலரை அவர் பிரித்த விதத்திலேயே ஆசை தெரிந்தது. “கைப்பிடிக்கு அடியில சொரசொரப்பா குடுத்திருக்காங்க, வேர்த்தாலும் வழுக்காது. ட்ரிகர் அருமை. வில்லு இழுக்குற கேம்ல நாண் இறுகுறது விரலுக்குத் தெரியுது பாருங்க. மழை பெஞ்சா உள்ளங்கையில துளித்துளியா அதிருது.” இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கார் பந்தயத்தைப் போட்டார். அங்கேதான் வந்தது வினை. நேர்ச்சாலையில் கார் இடப்பக்கம் சாய்ந்தது. இழுத்துப் பிடித்தார். மறுபடி சாய்ந்து வேலியில் உரசியது.

“இடது ஸ்டிக்ல ஸ்பிரிங் தளர்வு,” என்றார் கேமராவைப் பார்த்து. “கையை எடுத்துட்டா நடுவுல நிக்குது. கட்டைவிரலை வெச்சா ஒரு பக்கமா இழுக்குது. இது கண்ணுக்குத் தெரியாத குறை. ஆடுறவனுக்குத்தான் தெரியும்.”

“அப்ப வாங்கலாமா மாமா?”

“சொத்தை.”

வீடியோ போன அன்று சாயங்காலமே பதில்கள் வர ஆரம்பித்தன. எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது, என்னிடம் அப்படி ஒன்றுமில்லையே என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று ஒரே வரி போட்டிருந்தார். அதைப் படித்த கறாருக்குச் சிரிப்புதான் வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கன்ட்ரோலரைத் திருப்பிக் கொண்டுபோனதும் கடைக்காரர் பிகு பண்ணாமல் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அதிலும் கார் இடப்பக்கமே போயிற்று. “ஒரே சரக்கு, ஒரே குறை,” என்றார்.

மச்சினன் பொறுக்க மாட்டாமல், “குடுங்க மாமா, பாப்போம்,” என்று வாங்கினான். அவன் கையில் கார் நூல் பிடித்த மாதிரி ஓடியது.

“நீ வேகமாப் போறே. அதான் தெரியல.”

மெதுவாகப் போனான். நூல் பிடித்த மாதிரியே போயிற்று. கல்லூரிக்குப் போகிற மகள், காதில் பாட்டு மாட்டியபடி அறையைக் கடந்தவள், “என்ன ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க?” என்று நின்றாள். அவளிடமும் கொடுத்துப் பார்த்தார். கேமே ஆடாத பெண். வளைவுகளில் எல்லாம் மோதினாள். ஆனால் நேர்ச்சாலையில் நேராகத்தான் போனாள்.

அவர் கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கூடம் கோணல் இல்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. லேபில் சில மாதமாகவே மெழுகு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பல்லின் குழிவில் கத்தி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கியது. முதலாளியிடம் சண்டை போட்டுப் பழைய மெழுகையே வரவழைத்தார். அதிலும் வழுக்கியது. காலையில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதை மனைவி கவனித்திருந்தாள். “வயசாகுது உங்களுக்கு,” என்று கேலிதான் செய்தாள். இப்போது அவள் அவருடைய இடது கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை பள்ளமாகியிருந்தது.

டாக்டர் ஊசிகள் குத்தி, மின்சாரம் வைத்து, விரல் விரலாகச் சோதித்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“பல்செட் லேப்ல.”

“நுணுக்கமான வேலை. வேற ஏதாவது பழக்கம் உண்டா, கைக்கு அதிகமா வேலை குடுக்குற மாதிரி?”

தலையில் நரை தட்டிய பிறகு கேம் ஆடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? மனைவிதான் சொன்னாள். “கேம் ஆடுவாரு டாக்டர். அதுல பெரிய ஆளு.”

அவள் இதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதனால வந்ததா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. ஆடாம இருந்திருந்தாலும் வந்திருக்கும். நரம்பு மெலிஞ்சுக்கிட்டே போற நோய். போன பலம் திரும்பாது. மெதுவா போகுமா வேகமா போகுமான்னு இப்ப சொல்ல முடியாது. மருந்து குடுக்குறேன், கொஞ்சம் தள்ளிப்போடலாம்.”

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். முதலில் நினைத்திருக்க வேண்டியது வேலையை, அடுத்து மகள் படிப்பை. அவர் நினைத்ததோ, மூன்று வருடமாக எதிர்பார்த்திருந்த ஒரு வாள்சண்டை கேம் அடுத்த மாதம் வரப்போகிறது என்பதை. அந்த நினைப்புக்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பக்கத்தில் மனைவி அவர் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, வழியில் இருந்த கடைப் பலகைகளையெல்லாம் சத்தமில்லாமல் படித்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிறு இன்னொரு வீடியோ எடுக்க வேண்டும் என்றார். மச்சினன் தடுத்தான்.

“விடுங்க மாமா. யாரு கேக்கப் போறா? எல்லாரும் மறந்தே போயிருப்பாங்க.”

“நான் சொத்தைன்னு சொன்னதால வாங்காம விட்டவன் இருப்பான் இல்ல?”

கேமராவைப் பார்த்து, “அந்தக் கன்ட்ரோலர்ல குறையில்ல. குறை என் கையில. நோய்னு சொல்லிட்டாங்க. வாங்கலாம், நல்ல சாமான்,” என்றார். அவ்வளவுதான். அதுவரை அவர் போட்டதிலேயே சின்ன வீடியோ அதுதான், அதிகம் பேர் பார்த்ததும் அதுதான். ஆறுதல்கள் குவிந்தன. மனம் தளராதீர்கள் அண்ணா, நீங்கள் ஒரு போராளி, உங்களுக்காக வேண்டிக்கொள்கிறோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் வரிசை கட்டியதுபோல் இருந்தது. பிணம் தானே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. பழைய வீடியோவுக்குப் போய் அந்தக் கூடம் கோணல் வரியைத் தேடினார். எழுதியவர் வெட்கப்பட்டு நீக்கியிருந்தார். அது அங்கேயே இருந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது.

துணைக்கருவிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனி, இப்படி ஆகிவிட்டவர்களுக்கென்றே வடிவமைத்த ஒன்றை அனுப்பிவைத்தது. தட்டு மாதிரி ஒரு பலகை, அதில் சாசர் அளவுப் பட்டன்கள், காலால் மிதிக்க ஒரு மிதி, முகவாயால் அசைக்க வளைந்த கழுத்துள்ள ஒரு ஸ்டிக். அதையும் முறைப்படி பிரித்து, மேசைமேல் வைத்து, கறாராகவே சொன்னார்.

“பட்டனை மணிக்கட்டால தட்டினாலே வேலை செய்யுது. அடியில ரப்பர் இருக்கு, நகராது. மிதிதான் கொஞ்சம் சத்தம் போடுது. மத்தபடி நல்லா யோசிச்சு செஞ்சிருக்காங்க. நொட்டை சொல்ல ஒண்ணுமில்ல.”

“அப்ப வாங்கலாமா மாமா?” போன் மாட்டிய குச்சியைச் சரிசெய்தபடி மச்சினன் கேட்டான்.

“தேவைப்படுறவங்க வாங்கலாம்.”

வாள்சண்டை கேம் வந்தது. படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. எதிரி வாளை ஓங்கும்போது தோள் முதலில் அசையும். அதைப் பார்த்துவிட்டால் தடுத்துவிடலாம். அவருடைய கண் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் சரியாகப் பார்த்தது. இடது மணிக்கட்டு தடுக்கும் பட்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் வீரன் கீழே கிடந்தான். முதல் எதிரியே அவரைத் தாண்ட விடவில்லை. முகவாய் சிவந்துபோகும்வரை முயன்றார்.

மச்சினன் செட்டிங்கில் துழாவி, ஆடுபவருக்கு உதவும் வசதியை முழுவதுமாகப் போட்டுக் கொடுத்தான். இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் போதும். வீரன் தானே தடுத்தான், தானே வெட்டினான், தானே குதித்தான். எதிரிகள் வாழைத்தண்டு மாதிரி சரிந்தார்கள்.

“பாருங்க மாமா! சூப்பர்!”

“மாப்ள, இது நான் ஆடல. அது ஆடுது. நான் கதவைத் திறந்துவிடுறேன், அவ்வளவுதான்.”

அடுத்த வாரம் மகள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நான் ஆடுறேன்பா. நீங்க சொல்லிக் குடுங்க,” என்றாள். அவர் சொல்லச் சொல்ல ஆடினாள். “தோளைப் பாரு... இப்ப... ஐயோ, அதுக்கு முன்னாடியே தட்டணும்.” நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவளுடைய போன் அடித்தது. தோழிகள் வெளியே போகக் கூப்பிடுகிறார்கள். “இல்லடி, இன்னிக்கு வர முடியாது,” என்று தணிந்த குரலில் சொல்லி வைத்தாள். திரையில் கண்ணைப் பதித்துக்கொண்டு, அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, “அடுத்து எங்கப்பா போகணும்?” என்றாள்.

“எனக்குக் கண்ணு வலிக்குதும்மா. போதும். நீ கிளம்பு.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

அவள் செருப்பு மாட்டும் சத்தத்தில் இருந்த அவசரத்தை அவர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்டபோதெல்லாம் கண்வலி என்றே சொன்னார்.

மழைக்காலம் முடிவதற்குள் வலது கையும் தொடங்கிவிட்டது. லேப் முதலாளி நல்ல மனிதர். வெளியே அனுப்பவில்லை. போன் எடுத்து, எந்த டாக்டருக்கு எந்தப் பல் எப்போது வேண்டும் என்று கேட்டுச் சொல்கிற நாற்காலியில் உட்காரவைத்தார். அவருடைய பழைய இடத்தில், பழைய விளக்குக்குக் கீழே, வேறொருவர் குனிந்து மெழுகு செதுக்கினார். அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சேனலை மச்சினனிடம் கொடுத்துவிட்டார். அவன் எல்லாவற்றையும் சூப்பர் என்றான். கூட்டம் இரண்டு மடங்கானது. அவர் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, பிறகு பார்க்கவில்லை.

ஒரு நாள் லேபுக்கு அரை நாள் விடுமுறை. வீட்டில் யாரும் இல்லை. மணிக்கட்டால் கன்சோலை உயிர்ப்பித்து வாள்சண்டை கேமைப் போட்டார். ஆரம்ப இடம். ஒரு குன்று, ஒற்றை மரம், கீழே சாலை. அந்த மர நிழலை விட்டு நகராதவரை எந்த எதிரியும் வர மாட்டான். உதவும் வசதிகளையெல்லாம் அணைத்துவிட்டு, பலகையைத் தொடாமல் சாய்ந்து உட்கார்ந்தார். வீரன் நின்றான். மூச்சு விட்டான். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டான். புல் ஆடியது. ஒரு பறவை வந்து உட்கார்ந்து பறந்தது.

தான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையிலிருந்து மனைவி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“என்னங்க, ஆடலையா?”

“ஆடிக்கிட்டுதான் இருக்கேன்.”

அவள் அவர் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அடுப்பு வேலை நினைவுக்கு வந்ததும் எழுந்து உள்ளே போனாள். திரையிலும் இருட்டிக்கொண்டு வந்தது. வீரன் அங்கேயே நின்றான்.